வடக்குப் பாத்தி முளைக்கவில்லை

ரபியா நூஹு ஹாஜியாருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்து ஐந்நூறு ரூபா. மூன்று இலட்சத்து நாற்பதாயிரம், நடுவதற்குக் கிழங்கு வாங்கக் கொடுத்தது. மிச்ச ஐந்நூறு, வண்ணாத்திவில்லிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த லொறிக்காரன் கூலி குறைகிறதென்று நின்றபோது ஹாஜியார் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியது. வட்டி ஹராம் என்று ஒரு சதம்கூட மேலே கேட்காத மனிதர், அந்த ஐந்நூறை மட்டும் மறக்கவில்லை. ஈடாக ரபியாவின் காணி உறுதிப் பத்திரம் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அறுவடையோடு பணம் வராவிட்டால் காணி அவருக்கு.

ரபியா இதைச் சொல்லி முடித்தபோது, கற்பிட்டி ஓட்டோத் தரிப்பிடத்தில் அஸ்மியின் ஓட்டோவின் பின்சீட்டில் ஹயாத்து முகம்மது பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பொலிஸில் சார்ஜனாக இருந்து பென்ஷனில் வந்தவர். வீட்டில் இருப்புக் கொள்ளாத மனிதர். அஸ்மியின் பின்சீட்டுத்தான் அவருக்குக் கந்தோர்; பொலிஸுக்குப் போக மனமில்லாதவர்கள் அங்கே வழக்குச் சொல்ல வருவார்கள். அஸ்மியோ உப்பளத்தில் மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகு ஓட்டோ எடுத்தவன். வாடகை இல்லாத நேரத்தில் அவருக்கு வரும் வழக்குத்தான் அவனுக்குப் பொழுது.

"முளைக்கல்ல நானா," என்றாள் ரபியா. "தெற்குப் பாத்தி கம்பு மறைய ஏறி மொட்டும் வச்சிட்டு. வடக்குப் பாத்தியில ஒரு முளை இல்ல."

"அழுகியிரிக்கும் ராத்தா. இந்த முற மழ கூடத்தானே," என்று அஸ்மி முந்திக்கொண்டான்.

"அழுகினா மனசு ஆறும் தம்பி. இதப் பாருங்க." அவள் கைப்பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய ஒரு கிழங்கை எடுத்தாள். சாம்பல் அப்பிய, விரல் கனமான கிழங்கு. "மழ தொடங்கக்குள்ள நட்டது. இன்னும் கல்லு மாதிரி கிடக்கு. சாகவும் இல்ல, எழும்பவும் இல்ல."

ஹயாத்து முகம்மது கிழங்கைத் தொடவில்லை. பொலித்தீனோடு பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் மேல சந்தேகம் தங்கச்சி?"

"எல்லார் மேலயும். அதுதான் நானா என்னத் திங்கிது. சோறு போட்டுத் தாற கையக்கூட உத்துப் பாக்கன்."

அவளுடையது தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்த குடும்பம். முகாம், பிறகு வாடகைக் குடிசை, பிறகு பிறர் காணியில் வெங்காயக் கூலி. புருசன் மவுத்தாவதற்கு முந்திய வருடம்தான் கடலோரத்தில் இந்த ஒரு துண்டு மணலை அவள் பெயரில் வாங்கினார்கள். அவள் பெயர் எழுதிய முதல் மண் அது. போனால் திரும்ப வராது.

* * *

ஊரில் நியங்கலா என்று சொல்லும் கார்த்திகைப்பூக் கொடிதான் ரபியாவின் பயிர். விதையையும் கிழங்கையும் மருந்துக் கம்பனிக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார்கள்; தின்றால் நஞ்சு. மணலை உயர்த்திப் பாத்தி கட்டி, தண்ணீர் நிற்காமல் பார்த்து, காய்ந்த கிளைகளை ஊன்றிவிட்டால் போதும். இலையின் நுனியே சுருண்டு கம்பைப் பிடித்து மேலே ஏறும். கோடையில் மேலெல்லாம் காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் உறங்கும், அடுத்த மழைக்குத் தானாக எழும்பும். தெற்குப் பாத்தி அப்படி மூன்றாம் முறை எழும்பிய பழைய கொடி. வடக்குப் பாத்திதான் கடன்பட்டு வாங்கிய புதுக் கிழங்கு.

ஓட்டோ வேலியோரம் நின்றதும் அஸ்மி முதலில் கண்டது ஒரு ஆட்டை. கழுத்திலும் வயிற்றிலும் மயிர் இல்லாமல், தோல் வெளிறி, வெட்கப்பட்டதுபோல் பூவரச மரத்தோடு ஒதுங்கி நின்றது.

"இதென்ன, ஆட்டுக்கும் உம்றா முடிச்சு மொட்டை அடிச்சிட்டீங்களா?"

"சிரிங்க, சிரிங்க," என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். கையில் ரப்பர் கையுறை. கொடிகளைக் கம்பில் சேர்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஹஃபீலா, ரபியாவிடம் கூலிக்கு நிற்பவள். "முளை வந்த புதுசில வேலிக்குள்ளால தலையப் போட்டு நாலு இலை கடிச்சிட்டு. கழிஞ்சு கழிஞ்சு கிடந்திச்சு, போயிரும் எண்டுதான் நெனச்ச. அல்லா காப்பாத்தினான். பொறகு மயிர் மட்டும் பிடுங்கினாப்போல கொட்டிட்டு."

அஸ்மி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஹயாத்து முகம்மது சிரிக்கவில்லை. ஆட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வடக்குப் பாத்திக்குப் போனார்.

பாத்தி நேர்த்தியாக இருந்தது. ஊன்றிய கம்புகள் வரிசை வரிசையாக நின்றன. ஏற ஒன்றும் இல்லாமல் அவை மட்டும் நிற்பதைப் பார்க்க, கலியாண வீட்டுக் கொட்டகைக்கு ஆட்கள் வராததுபோல் இருந்தது. அடுப்படி வாசலில் வெடித்த நீல வாளி ஒன்றிலிருந்து மட்டும் இரண்டு கொடி ஜன்னல் கம்பிவரை ஏறியிருந்தது.

"அது எந்தக் கிழங்கு?"

"இதே லொறியில வந்ததுதான். வந்த அண்டே கை பொறுக்காம ரெண்ட வாளிக்குள்ள புதைச்சிட்டன். மிச்சமெல்லாம் அந்தக் கொட்டிலுக்குள்ள, காஞ்ச மணலுக்க போட்டு வச்சிருந்த."

"அப்ப கிழங்கில பழுதில்ல. மண்ணிலயும் பழுதில்ல," என்றார் அவர். "கொட்டிலுக்குள்ள இருந்த காலத்துலதான் பழுது. கிண்டு அஸ்மி."

அஸ்மி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிண்டினான். ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒன்றிரண்டாகக் கிழங்குகளை எடுத்துக் கிணற்றடியில் கழுவினார்கள். சாம்பல் கரைந்து போனதும் ரபியா "யா அல்லாஹ்" என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு கிழங்குக்கும் நுனி இல்லை.

"நியங்கலாவுக்குக் கண் ஒண்டுதான் நானா," என்றாள். "அந்த நுனியிலதான் முளை வரும். மற்றக் கிழங்கு மாதிரி எங்கயும் வராது. நுனி போனா மிச்சம் வெறும் கட்டை."

"மண்வெட்டி பட்டிரிக்குமோ?" என்றான் அஸ்மி.

"எல்லாத்துலயும் ஒரே இடத்துலயா?" ஹயாத்து முகம்மது வெட்டு வாயைக் காட்டினார். அது கறுத்துத் தோலாகக் காய்ந்திருந்தது. "மண்ணுக்குள்ள போறத்துக்கு முந்தியே ஆறின காயம் இது. இன்னொண்டும் பாரு. ஒரு பக்கம் வழுவழுப்பா வெட்டுப்பட்டிரிக்கி, மற்றப் பக்கம் நசுங்கியிரிக்கி. கத்தி இப்படி வெட்டாது. வெட்டின பக்கத்துல மெல்லிசா ஒரு வரம்பும் ஓடுது."

அஸ்மி அடுத்த கிழங்கைப் பார்த்தான். அதிலும் அந்த வரம்பு. மயிர் கனம்தான், ஆனால் எல்லாவற்றிலும் இருந்தது.

"நடக்குள்ள இதப் பாக்கல்லயா தங்கச்சி?"

"சாம்பலும் மஞ்சளும் கரச்சுப் பெரட்டித்தான் நடுற, பூஞ்சணம் பிடிக்காம. மேலெல்லாம் சேறாத்தான் இரிக்கும். மழ இருட்டிக்கொண்டு வந்த அண்டு நானும் ஹஃபீலாவும் ஓடி ஓடி நட்டம்."

"பெரட்டினது யார்?"

"ஜபார். மவுத்தான என்ட புருசன்ட தம்பி, சொந்தப் போட்டுல கடலுக்குப் போறவன். பொம்புளையள் நஞ்சுல கை வைக்க வாணாம் எண்டு அவனே செஞ்சான். அப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தான், நிக்கவே ஏலாது. அப்படியும் வந்து செஞ்சான்." அவள் ஹயாத்து முகம்மதை நிமிர்ந்து பார்த்தாள். "அவன நெனக்க வாணாம் நானா. இப்ப அவன் பழைய ஜபார் இல்ல. செஞ்ச பாவத்துக்கெல்லாம் தௌபா செஞ்சிட்டான்."

"நெனக்கிறதுக்கு நான் இன்னும் தொடங்கல்ல. கொட்டில் சாவி?"

"என்னட்ட ஒண்டு. காவலுக்கு உள்ள படுக்கிற ஜபாரிட்ட ஒண்டு. தன்ட காசுல வாங்கின பொருள் எண்டு ஹாஜியாரிட்ட ஒண்டு."

ஹஃபீலா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டு இரண்டிலும் சிவந்த தடிப்பு. அஸ்மியின் கண் அதில் ஒட்டிக்கொண்டதை அவள் கண்டுவிட்டாள்.

"ஓம், நஞ்சு பட்டதுதான். நாள் முழுக்க இதுக்குள்ள நிக்கிறவளுக்குப் படாம மருதோண்டியா படும்? ராத்தா எனக்குப் போன முறக் கூலியே பாக்கி. இது முளைச்சாத்தான் என்ட வீட்டுல அடுப்பு எரியும். சொந்தக் கூலிய வெட்ட எனக்கு என்ன பைத்தியமா?"

"இல்ல தங்கச்சி, நான் சும்மா..." என்று அஸ்மி பின்வாங்கினான்.

"இவன் சும்மாதான் எப்பவும்," என்றார் ஹயாத்து முகம்மது. "ஜபாருக்கு என்ன வருத்தம் வந்தது?"

"வயித்தோட்டமும் சத்தியும். திண்டதெல்லாம் வாயால வந்து, சேலைன் ஏத்தி வச்சிருந்தாங்க. முந்தல் ஊர்ல ஒரு கலியாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல எண்டு சொன்னார்." ஹஃபீலா உதட்டைப் பிதுக்கினாள். "என்ட புருசனும் அவரும் ஒரே சஹன் தட்டுல இருந்து திண்டவங்கதான். இவருக்கு ஒரு புளிச்ச ஏப்பம்கூட வரல்ல."

* * *

ஜபாரைப் பள்ளிவாசலில் கண்டார்கள். மதியத் தொழுகை ளுஹருக்குப் பாங்கு சொல்லியிருந்தது. வாடைக் காற்று கடலிலிருந்து நேராக அடித்தது. வாசலில் ஓட்டோவைக் கண்டு அவனே வந்து சலாம் சொன்னான். ஒல்லியான முகம், தணிந்த பேச்சு, தலையில் வெள்ளைத் தொப்பி. காற்றுக்கு அது பறந்துவிடாமல் பேசும்போதெல்லாம் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மதினிட பயிர் இப்படிப் போச்சே எண்டு எனக்கு நித்திரை இல்ல சார்ஜன் நானா. எந்த ஹராமி செஞ்சானோ. நான் காவலுக்குப் படுத்தும் வீணாப் போச்சு."

"நீ ஆஸ்பத்திரியில கிடந்த நாளைக்கு யார் காவல்?"

"யாருமில்ல. அப்பதான் நடந்திரிக்கும்." அவன் மெதுவாகச் சேர்த்தான்: "சாவி இன்னொருத்தர்ட்டயும் இரிக்கி. பேர் சொன்னா ஙீபத்து, புறம் பேசின பாவமாயிரும்."

"வெத்தில போடுறியா?" என்று ஹயாத்து முகம்மது சட்டைப் பையில் கையை விட்டார்.

"வாணாம் நானா. எல்லாம் விட்டாச்சு."

அஸ்மிக்கு அது நல்ல ஆச்சரியம். ஜபாரின் வாய் சிவக்காமல் அவன் பார்த்ததில்லை. ஜும்ஆவுக்குக்கூடத் தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பவன் அவன். அந்த நோயோடு ஆள் மாறிவிட்டதென்று ஊரே பேசியது. ஐந்து நேரமும் பள்ளி, தலையில் எந்நேரமும் தொப்பி, வெற்றிலை இல்லை. மவுத்தைக் கண்டு வந்தவன் என்றார்கள். இமாம்கூட ஒரு பயானில் பெயர் சொல்லாமல் அவனை எடுத்துக் காட்டினாராம்.

ஹவுழ்த் தண்ணீர்த் தொட்டியில் தொழுகைக்குக் கை, முகம் கழுவி வுளூ எடுக்கும்போது ஹயாத்து முகம்மது ஜபாருக்கு எதிர்ப்படியில் உட்கார்ந்தார். எல்லாரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலை தடவினார்கள். ஜபார் தொப்பியின் முன்பக்கத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, ஈர விரலை உள்ளே விட்டு எடுத்தான். அதுவும் கூடும்தான். கொஞ்ச இடம் நனைந்தாலும் போதும் என்றுதான் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அஸ்மி கண்டான், கண்டும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தொழுதுவிட்டு நூஹு ஹாஜியாரின் கருவாட்டுக் கடைக்குப் போனார்கள். ஹாஜியார் மூட்டைகளுக்கு நடுவே கதிரையில் இருந்தார். முன்னால் வெற்றிலைத் தட்டம், அதில் பளபளவென்று ஒரு பாக்குவெட்டி. அவர் பாக்கை வைத்து நறுக்கியபோது அஸ்மி குனிந்து அதையே பார்த்தான். ஒரு பக்கம் வெட்டுகிற தகடு, மறு பக்கம் நசுக்குகிற மொட்டைத் தகடு. கிழங்கின் வாயில் கண்ட காயம் அப்படியே.

அவன் ஹயாத்து முகம்மதின் முழங்கையை இடித்தான். அவர் நகரவில்லை.

"ஹாஜியார், காணிய எடுத்து என்ன செய்யப் போறீங்க?"

"எனக்கெதுக்குக் காணி? எனக்குக் காசு வேணும்." ஹாஜியார் வெற்றிலையை ஒதுக்கினார். "கொழும்புப் பார்ட்டி ஒண்டு கேட்டு வந்திச்சு. காத்தாடியப் பிடிச்சிக்கொண்டு கடல்ல ஓடுறானே வெள்ளக்காரன், அவனுக்குத் தங்கிறதுக்குக் கபானா கட்டவாம். உறுதி ஈடுதான், காணி இன்னும் ரபியாடது, தவறினாப் பொறகு வாங்க எண்டு சொல்லி அனுப்பினன்."

"அந்தப் பார்ட்டிய ஆர் கூட்டி வந்த?"

"அத என்ட வாயால கேக்காதீங்க. சொல்ல வாணாம் எண்டு கேட்டாங்க, ஓம் எண்டுட்டன். அமானிதம்."

"சரி. இந்தப் பாக்குவெட்டிய நாளைக்கு மட்டும் தருவீங்களா?"

"எல்லாருக்கும் என்டதுதான் வேணும்!" ஹாஜியார் சிரித்தார். "முந்தி ஜபாரும் இப்படித்தான். தன்டதுல தூண்டில் கம்பிய வெட்டித் தகட்டுல பல்லு விழுத்தாட்டிட்டு, நல்ல பாக்குக் கண்டா இங்க ஓடி வருவான். இப்ப வெத்திலையே விட்டுட்டான். நல்ல மனிசனாகிட்டான்."

வெளியே வந்ததும் அஸ்மி பொங்கினான். "நானா, இதுக்கு மேல என்ன வேணும்? சாவி அவர்ட்ட, பாக்குவெட்டி அவர்ட்ட, காணி வந்தா இலாபமும் அவருக்கு. பேரையும் மறைக்கார்!"

"அவர்ட தலைய நல்லாப் பாத்தியா?"

"பாத்தன். மருதோண்டி போட்ட தல. இந்த வயசிலயும் காடு மாதிரி."

"அதுதான் நானும் பாத்தன்," என்றார் ஹயாத்து முகம்மது. "நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு எல்லாரையும் கொட்டிலுக்கு வரச் சொல்லு. ஹாஜியார உறுதியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லு."

* * *

கொட்டிலுக்குள் காய்ந்த மணலின் வாசமும் மஞ்சளின் வாசமும் இருந்தன. ஹாஜியாருக்கு ஒரு கதிரை. ரபியா சாக்கின் மேல். ஹஃபீலா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு. ஜபார் தன் பாயைச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பல வருடம் ஒன்றாகச் சோறு தின்ற மனிதர்கள் இப்படிப் பார்வையை ஒளித்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க அஸ்மிக்கு மூட்டைக் கனம்போல் நெஞ்சில் ஏறியது.

ஹயாத்து முகம்மது தெற்குப் பாத்தியில் எடுத்த ஒரு நல்ல கிழங்கைப் பொலித்தீனோடு பிடித்து, ஹாஜியாரின் பாக்குவெட்டியால் நுனியை நறுக்கினார். வடக்குப் பாத்திக் கிழங்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் பாருங்க. ஒரு பக்கம் வெட்டு, ஒரு பக்கம் நசுங்கல். பாக்குவெட்டிதான். ஆனா வடக்குப் பாத்திக் கிழங்குல ஒரு வரம்பு ஓடுது. ஹாஜியார்ட தகடு சுத்தம், வரம்பு விழல்ல. தகட்டு வாய் பேந்து பல்லு விழுந்த ஒரு பாக்குவெட்டிதான் அத விடும்."

ஹாஜியாரின் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அது தொலஞ்சு போய் எவ்வளவோ காலம்," என்றான் ஜபார். யாரும் அவனைக் கேட்கவில்லை. "எடுத்தவன் ஆரோ."

"இருக்கலாம். அப்ப எடுத்தவனத் தேடுவோம்." ஹயாத்து முகம்மதின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவனுக்கு நியங்கலாட கண் எங்க இரிக்கி எண்டு தெரியும். திண்டா நஞ்சு எண்டும் தெரியும், அதனால கையுறை போட்டிருப்பான். இவ்வளவு கிழங்கையும் நறுக்க மணிக்கணக்காகும், அதனால இந்தக் கொட்டிலுக்குள்ள இருந்தா ஆரும் ஏன் எண்டு கேக்காத ஆள். ஆனா அவன் வெத்தில போடுறவன். கை வேலை செய்யக்குள்ள வாய் சும்மா இருக்காது. பாக்குவெட்டி கையில இரிக்கி, பாக்குப் பக்கத்துல இரிக்கி. யோசிக்காமலே ஒரு பாக்க எடுத்து அதே தகட்டால நறுக்கி வாயில போட்டிருப்பான். ஒண்டில்ல, பல தரம். கைப்பழக்கம் அது. கைக்கு உறை போட்டவன் வாய மறந்திட்டான்."

ஹஃபீலா "அல்லாவே!" என்று வாயைப் பொத்தினாள்.

"பொறகு கழிச்சலும் சத்தியும் வந்திரிக்கும். கலியாண வீட்டுச் சாப்பாடு எண்டு சொல்லியிருப்பான். ஆனா ஒரே சஹன்ல இருந்த ஆளுக்கு ஒண்டும் வரல்ல."

"சோறு ஒத்துக்கொள்ளாட்டி நான் என்ன செய்ற?" ஜபார் எழுந்தான். "மதினி, இந்த ஆள் என்னக் கள்ளனாக்கப் பாக்கார். ஊருல போய்க் கேளுங்க, நான் எப்படி மாறியிரிக்கன் எண்டு!"

"கேட்டன். நோய்க்குப் பொறகு வெத்திலைய விட்டான், தொப்பி போட்டான், தௌபா செஞ்சான் எண்டு ஊர் சொல்லுது. வெத்திலைய ஏன் விட்ட? உன்ன விழுத்தினது வெத்திலத் தட்டம்தான் எண்டு உனக்குத்தான் தெரியும். தொப்பி ஏன் போட்ட?" அவர் கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். பூவரச மரத்தடியில் அந்த ஆடு நின்றது. "நான் சேர்விஸில இருக்கக்குள்ள நியங்கலா திண்டு தப்பின ஆக்களப் பாத்திரிக்கன். ரெண்டு மூணு கிழமையில தலமயிர் கொட்டும். அந்த ஆட்டுக்குக் கொட்டினாப்போல. ஆட்டுக்குத் தொப்பி இல்ல, அதுதான் வித்தியாசம். தம்பி, வுளூவுக்குக்கூட நீ அதக் கழட்டல்ல. நான் சொன்னது பிழையெண்டா இப்ப கழட்டு, இவ்வளவு பேருக்கும் முன்னால உன்னட்ட மன்னிப்புக் கேக்கன்."

வாடைக் காற்று கொட்டிலின் கூரை ஓலையைத் தூக்கித் தூக்கி அடித்தது.

ஜபாரின் கை தொப்பிக்குப் போனது. அழுத்திப் பிடித்தது. பிறகு யாரையும் பார்க்காமல் அதைக் கழற்றினான். தலை அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்து, இடையிடையே பூனை மயிர்போல் புதிதாக முளைத்திருந்தது.

ஊரே மெச்சிய பக்தி அவ்வளவும் ஒரு மொட்டைத் தலையை மறைக்கப் போட்ட துணி. அஸ்மிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கக்குள்ள மெய்யாவே தௌபா செஞ்சன்," என்றான் ஜபார். "சத்தியமா மதினி."

"அப்ப ஏன் வந்து சாம்பல் பெரட்டின?" ரபியா முதல்முறையாக வாய் திறந்தாள். "நுனி இல்லாத கிழங்கு எண்டு தெரிஞ்சும், பெரட்டி என்ட கையில தந்தியே. நான் பிஸ்மி சொல்லி ஒவ்வொண்டா நட்டனே ஜபார்."

ஜபார் கழற்றிய தொப்பியைச் சுருட்டிக்கொண்டு பாயின் மேல் திரும்ப உட்கார்ந்தான்.

"கொழும்புப் பார்ட்டியக் கூட்டி வந்தது இவன்தான்," என்றார் ஹாஜியார், தரையைப் பார்த்து. "இனி அது அமானிதம் இல்ல. காணி கைமாறினா இவனுக்குத் தரகுக் காசு எண்டு பேச்சு. அத இவன் இப்படித் தேடுவான் எண்டு நான் நெனக்கல்ல."

"பொலிசுக்குப் போவோமா தங்கச்சி?" என்று ஹயாத்து முகம்மது கேட்டார்.

ரபியா நுனி இல்லாத கிழங்கைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பொலிசுக்குப் போனா அவன் உள்ள போவான். என்ட கடன் வெளியதான் நிக்கும்," என்றாள். "என்ட கடன அவன் தலையில போடுங்க நானா. மயிர் இல்லாட்டியும் தல இரிக்கிதானே."

ஹஃபீலா பக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஜபாருக்கு ஒரு கண்ணாடி இழை மீன்பிடிப் போட்டும் அதற்கொரு இஞ்சினும் இருந்தன. ஹாஜியாருக்கு அது தெரியும். இரண்டு வருடமாக அதில் வரும் மீனைக் கருவாட்டுக்கு அவர்தான் எடுக்கிறார். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

"போட்டையும் இஞ்சினையும் மூணு இலட்சத்து நாப்பதாயிரத்துக்கு எடுத்து ரபியாட கடன்ல கழிக்கன். சரியா ஜபார்?"

"சரி."

"நாளைக்குக் கரையில வச்சுப் பேர் மாத்தித் தருவியா?"

"ஓம்."

"இங்க நாலு பேர் சாட்சி. நீ இனி எனக்குக் கூலிக்குப் போட் ஓட்டலாம். ஆனா வெத்தில கேக்கக்கூடாது." ஹாஜியார் மடியிலிருந்து உறுதியை எடுத்தார். பழைய நொத்தாரிசுக் கடதாசி, மடிப்பில் நைந்தது. ரபியா கையை நீட்டினாள். ஹாஜியார் கொடுக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு ஐந்நூறு இரிக்கி," என்றார்.

அஸ்மிக்குக் கோபம் தலைக்கேறியது. "ஹாஜியார், ஒங்களுக்கு வெட்கமா இல்லையா? அத நான்..."

"நீ இரு தம்பி." ரபியா எழுந்து மணலைத் தட்டினாள். ஓட்டோக் கூலிக்கென்று காலையில் மடித்து வைத்த ஐந்நூறு ரூபாத் தாள் அவள் கைப்பையில் இருந்தது. அதை எடுத்து விரித்தாள். வெளியே தெற்குப் பாத்தியில் முதல் மொட்டு வாய் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக இதழைப் பின்னால் மடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பாத்தி இருக்கும்வரை அடுத்த மழைக்கும் கிழங்கு இருக்கும். "லொறிக்காரனுக்கு நீங்க குடுத்தது ஹாஜியார். நான் மறக்கல்ல."

ஹாஜியார் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு ஒருமுறை பிடித்துப் பார்த்தார். நாலாக மடித்து, அன்று எடுத்த அதே சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு உறுதியை நீட்டினார்.

"கணக்குச் சரி," என்றார்.